கிருஷ்ணகிரியிலிருந்து அரிசோனாவின் கல்மரக் காட்டுக்கு: எந்த மாதம், எந்த வாசல், எத்தனை மணிக்கு?

கேள்வி இதுதான். கிருஷ்ணகிரியில் கிரானைட் பாலிஷ் பட்டறை நடத்தும் அப்பாவும், சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் அம்மாவும் ஃபீனிக்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார்கள். அரிசோனாவின் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவையும், அதற்குள்ளேயே இருக்கும் வண்ணப் பாலைவனத்தையும் பார்க்க ஆசை. ஒரு நாள் போதுமா? எந்த மாதம் நல்லது? அப்பாவின் முழங்கால் வலிக்கு எந்தப் பாதை ஒத்துவரும்? நினைவாக ஒரு துண்டுக் கல் எடுத்து வரலாமா? நம்ம விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரத்தைவிட அங்கே என்ன அதிகம்?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஃபீனிக்ஸிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டாம். போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி என்று ஏழு மணி நேரம் காரிலேயே போய்விடும். பூங்கா வாசல் வழக்கமாகக் காலை 8 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்குப் பூட்டப்படும். உள்ளே தங்கும் விடுதி கிடையாது. எனவே ஹோல்புரூக் என்ற சிறிய ஊரில் ஒரு இரவு தங்குங்கள். முதல் நாள் நண்பகலுக்கு மேல் பூங்காவின் தெற்குப் பாதி, மறுநாள் காலை வடக்குப் பாதி. நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 25 டாலர்; அந்தச் சீட்டு 7 நாள் செல்லும். சீட்டைத் தொலைக்காமல் வைத்திருந்தால் மறுநாள் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. 2026 ஜனவரி முதல் கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதலாக வாங்குகிறார்கள். இந்தப் பூங்கா அந்தப் பதினொன்றில் இல்லை. கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை, கிளம்பும் வாரத்தில் பூங்காவின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பாதியாகப் பிரிப்பதற்குக் காரணம் களைப்பு மட்டுமில்லை, வெயில். இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று கல்லாகிப்போன மரக்கட்டைகள், இன்னொன்று நிறம் நிறமாக அடுக்கிய மண்மேடுகள். கட்டைகளை உச்சிவெயிலிலும் பார்க்கலாம். கிட்டே போய்க் குனிந்து பார்ப்பதால் நிறம் நன்றாகவே தெரியும். மண்மேடுகள் அப்படியில்லை. நடுப்பகலில் நிழலே விழாது, சிவப்பெல்லாம் வெளிறிப்போய் செங்கல் தூள் கொட்டியது போல் தட்டையாகத் தெரியும். ‘போட்டோவில் பார்த்தது போல் இல்லையே’ என்று திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் பகல் 12 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் மேட்டில் நின்றவர்கள்தான். காலை 8 முதல் 10 வரையிலும், மாலை 4 மணிக்கு மேலும் வெயில் சாயும்போது ஒவ்வொரு வரியும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். மழை பெய்து ஓய்ந்த அரை மணியில் பார்க்கக் கிடைத்தால் அதற்கு மேல் எதுவும் இல்லை: நனைந்த மண்ணில் சிவப்பும் ஊதாவும் இரண்டு மடங்கு அழுத்தமாகிவிடும்.

மாதத்துக்கு வருவோம். மாந்தோப்பும் இருக்கும் வீடு என்றால் ஜூலை வரை அப்பா அசைய மாட்டார். அதுவும் நல்லதுதான். ஜூன், ஜூலையில் அங்கே பகல் வெப்பம் 33, 35 டிகிரியைத் தொடும். நமக்கு அது பழகிய சூடுதான். ஆனால் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை அவர்களுக்கும் பருவமழை: காலையில் வானம் துல்லியமாக இருக்கும், பிற்பகலில் திடீரென்று இடியும் மின்னலும். வெட்டவெளி மேட்டில் மின்னல் நேரத்தில் நிற்பது ஆபத்து, காருக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். மார்ச் முதல் மே வரை காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். டிசம்பர், ஜனவரியில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும், பனியும் விழும். சிவப்பு மேட்டில் வெள்ளைப் பனி பார்க்க அற்புதம்தான், ஆனால் மலைப்பாதையில் கார் ஓட்டுவது சிரமம். ஆயுத பூஜைக்குப் பட்டறையில் பொரி கடலை வைத்துக் கும்பிட்ட கையோடு கிளம்பினால் பெரும்பாலும் அக்டோபரில் அங்கே இருப்பார்கள். அதுதான் சரியான காலம். பகல் 20 டிகிரியைச் சற்றுத் தாண்டும், இரவு 3, 4 டிகிரிக்கு இறங்கும். மாலை 4 மணிக்கே வெயில் சாய்ந்துவிடுவதால், 5 மணிக்கு வாசல் பூட்டுவதற்குள் நல்ல வெளிச்சமும் கிடைக்கும். கோடையில் சூரியன் மறைய ஏழரை ஆகும். அந்தப் பொன் வெளிச்சம் வருவதற்கு முன்பே உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து இரண்டு வழி. 17ஆம் எண் நெடுஞ்சாலையில் ஃபிளாக்ஸ்டாஃப் போய் அங்கிருந்து 40ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே திரும்புவது ஒன்று. பேசன், ஹீபர் வழியாக மலையேறிக் குறுக்கே போவது இன்னொன்று. இரண்டாவது தூரம் குறைவு, பைன் காடுகள் அழகு. ஆனால் ஏற்றமும் வளைவும் அதிகம். தொப்பூர் கணவாயிலேயே வயிற்றைப் புரட்டும் என்கிறவர்களுக்கு முதல் வழியே நல்லது. ஜி.பி.எஸ்ஸில் வெறுமனே பூங்கா பெயரைப் போடாதீர்கள். கலிஃபோர்னியாவிலும் இதே பெயரில் ஒரு தனியார் இடம் இருக்கிறது. ஹோல்புரூக் என்று போட்டு, அங்கிருந்து தெற்கு வாசலுக்கு 180ஆம் எண் சாலையைப் பிடியுங்கள். 18 மைலுக்குச் சற்று மேல். வடக்கு வாசலுக்கு 40ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே 26 மைல் போய் 311ஆம் எண் எக்ஸிட்டில் இறங்க வேண்டும். இரண்டு வாசலையும் இணைத்துப் பூங்காவுக்குள் ஓடுவது ஒரே ஒரு தார்ச்சாலை, 28 மைல், அதாவது 45 கிலோமீட்டர். வழியில் வெளியே போகக் கிளைச்சாலை கிடையாது. ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனையில் வெளியேற வேண்டும், இல்லை வந்த வழியே திரும்ப வேண்டும்.

செல்போன் கடிகாரத்தை நம்ப வேண்டாம். அரிசோனா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. பக்கத்திலேயே இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதி பின்பற்றுகிறது. எல்லைக்கு அருகில் வேறு கோபுரத்தின் சிக்னல் பிடித்தால் போன் தானாக ஒரு மணி நேரம் தாவிவிடும். மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை இந்தக் குழப்பம் வரும். கையில் ஒரு சாதாரண வாட்ச் கட்டிக்கொண்டால் போதும். சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும், வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் நண்பகலில் தெற்கு வாசல் வழியாக நுழையுங்கள். உடனே வருவது ரெயின்போ ஃபாரஸ்ட் அருங்காட்சியகம். கழிவறை, குடிநீர், உட்கார்ந்து சாப்பிட மேஜை எல்லாம் இங்கே இருக்கிறது. சாப்பாட்டை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். கட்டடத்துக்குப் பின்னால் 0.4 மைல் சுற்றுப்பாதை ஒன்று இருக்கிறது. அடிப்பாகம் ஏறக்குறைய 10 அடி அகலமுள்ள ‘ஓல்டு ஃபெய்த்ஃபுல்’ என்ற கட்டை அதில்தான் கிடக்கிறது. தூரம் குறைவு என்றாலும் படிகள் உண்டு, அப்பா மெதுவாக ஏற வேண்டும். முழங்கால் ரொம்ப வலித்தால் இதை விட்டுவிட்டு, காரில் சில மைல் தள்ளி இருக்கும் கிரிஸ்டல் ஃபாரஸ்ட் பாதைக்குப் போய்விடுங்கள். 0.75 மைல், தார் போட்ட சுற்று, சில இடங்களில் மட்டும் ஏற்ற இறக்கம். ஒரே பாதைதான் நடக்க முடியும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். கட்டைகள் பாதையின் இரு பக்கமும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன.

‘காடு’ என்ற பெயரை வைத்து நிற்கும் கல்மரங்களைத் தேடாதீர்கள். எல்லாம் படுத்த கட்டைகள். சுமார் 22 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் எல்லாம் ஒட்டிக்கிடந்த காலத்தில், இந்த இடம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஈரமும் புழுக்கமுமான ஆற்றுச் சமவெளியாக இருந்தது. வெள்ளம் அடித்து வந்த மரங்கள் வண்டலுக்குள் புதைந்தன. அந்த வண்டலில் எரிமலைச் சாம்பல் கலந்திருந்தது. காற்று புகாததால் மரம் உடனே மக்கவில்லை. சாம்பலிலிருந்து கரைந்த சிலிக்கா நிலத்தடி நீரோடு மரத்தின் நார்களுக்குள் புகுந்து, அணு அணுவாக இடம் பிடித்துக் குவார்ட்ஸாக உறைந்தது. குவார்ட்ஸ் என்பது வேறொன்றுமில்லை, நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளில் ஏர் ஓட்டும்போது மேலே வரும் வெங்கச்சாங்கல்தான். அதே பொருள் மரத்தின் வடிவத்தில் உறைந்திருக்கிறது. சுத்தமாக இருந்தால் வெள்ளை. இரும்புச் சத்து கலந்தால் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு. மாங்கனீஸ் கலந்தால் ஊதாவும் கறுப்பும்.

இந்த மரங்கள் 60 மீட்டர் வரை வளர்ந்தவை. ஓசூர் நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கும், அடுக்கடுக்காகக் கிளை விரிக்கும் அராகேரியா மரத்தின் தூரத்து உறவு என்று இவற்றை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இவற்றின் அறிவியல் பெயரும் அதை வைத்தே வந்தது.

அப்பாவை ஒரு கட்டையின் வெட்டுமுகத்துக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவருக்குத் தெரிந்த உலகம் அது. வெளிப்பக்கம் மரப்பட்டை போலவே சொரசொரப்பாக, பழுப்பாக இருக்கும். வெட்டுமுகத்தில் நடுவில் சிவப்பும் அதைச் சுற்றி மஞ்சளும் ஓரத்தில் கறுப்பு நரம்பும், பாலிஷ் போட்ட ஸ்லாப் மாதிரி மின்னும். சில கட்டைகளில் நடுவே சிறு பொந்து இருக்கும். வெயிலை அதற்குள் விழவிட்டுப் பார்த்தால் உள்சுவரில் ஊசி ஊசியாகப் படிகங்கள். கட்டைகள் மூன்றடி, நான்கடி நீளத் துண்டுகளாக, ரம்பம் போட்டு அறுத்தது போல் நேராகத் துண்டாகியிருப்பதைப் பார்த்ததும் ‘யார் இவ்வளவு சுத்தமாக அறுத்தது?’ என்றுதான் முதலில் கேட்பார். யாரும் அறுக்கவில்லை. குவார்ட்ஸ் கடினமானது, ஆனால் வளையாது. இந்தப் பூங்கா இருக்கும் கொலராடோ பீடபூமி முழுவதும் மெல்ல மேலே உயர்ந்தபோது மண்ணுக்குள் நீளமாகக் கிடந்த கட்டைகளில் அழுத்தம் ஏறி, சுண்ணக்கோல் ஒடிவது போல் குறுக்கே ஒடிந்தன. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் இது 7. கிரானைட்டில் பாதிக்கு மேல் 6 கடினமுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் இருக்கிறது. இதுவோ முழுக்க முழுக்க 7. அறுக்கும் பிளேடு எவ்வளவு சீக்கிரம் தேயும் என்பதை அவரே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். எடை ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 75 கிலோ, நம்ம கிரானைட் அளவுதான்.

இந்தக் கடினம்தான் ஒரு காலத்தில் இதற்கு எமனாக வந்தது. 1890களில் கட்டைகளை நொறுக்கி உராய்வுத் தூளாக்க இங்கே ஓர் ஆலையே வந்தது. படிகங்களுக்காக வெடிவைத்துப் பிளந்தவர்களும் உண்டு. கிரிஸ்டல் ஃபாரஸ்ட்டில் கட்டைகள் சிதறலாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். உள்ளூர் மக்களின் எதிர்ப்புக்குப் பிறகு 1906 டிசம்பரில் அன்றைய அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் இதைப் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவித்தார். 1962இல் தேசியப் பூங்காவானது.

கிரிஸ்டல் ஃபாரஸ்ட்டிலிருந்து வடக்கே போகும்போது அகேட் பிரிட்ஜ் என்ற இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். 110 அடி நீளக் கட்டை ஒன்று பள்ளத்தின் குறுக்கே பாலம் போல் கிடக்கிறது. அடியில் மண் அரித்துக்கொண்டே போவதால் விழுந்துவிடும் என்று பயந்து 1917இல் கான்கிரீட் உத்தரம் கொடுத்தார்கள். இப்போது பூங்காவில் அப்படிச் செய்வதில்லை, இயற்கையாக விழுவது விழட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

மூன்றரை மணிக்கு ப்ளூ மேசாவில் இருக்கும்படி நேரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். பெரிய சாலையிலிருந்து பிரிந்து மூன்றரை மைல் போகும் கிளை இது, கடைசியில் ஒரு வளையமாகச் சுற்றித் திரும்பும். கார் நிறுத்தி எட்டிப் பார்க்கும் இடங்கள் வரிசையாக இருக்கின்றன. கீழே இறங்கி மேடுகளுக்கு நடுவில் ஒரு மைல் சுற்றும் பாதைதான் பூங்காவிலேயே அழகானது என்பேன். ஆனால் தொடக்கத்தில் இறக்கம் செங்குத்து, திரும்பி வரும்போது அதுவே ஏற்றம். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கெடுதல். அப்பா மேலேயே நின்று பார்க்கட்டும். மகள் மட்டும் இறங்கி வரலாம்.

பெயரில் நீலம் இருந்தாலும் வானத்து நீலத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சாம்பலில் நீலமும் ஊதாவும் கலந்த நிறம். புறாக் கழுத்து என்று நம்ம பெண்கள் புடவைக்குச் சொல்வார்களே, அதற்குக் கிட்டே வரும். அழகு அந்த மென்மையில்தான் இருக்கிறது. இணையத்தில் பார்க்கும் படங்களில் பாதி நிறம் கணினியில் ஏற்றியது. இந்த நீலமும் வடக்கே வரும் சிவப்பும் ஒரே இரும்பின் இரு முகங்கள். மண் படிந்த காலத்தில் நிலத்தடி நீர் மேல் மட்டத்திலேயே தேங்கி நின்ற இடங்களில் ஆக்ஸிஜன் கிடைக்கவில்லை. இரும்பு துருப்பிடிக்காமல் சாம்பல், நீலம், பச்சை என்று நின்றுவிட்டது. நீர் வடிந்து மண் காற்று வாங்கிய இடங்களில் இரும்பு துருவாகிச் சிவந்தது. கீழடுக்கு நீலம் பழையது, மேலடுக்குச் சிவப்பு பிந்தையது.

மேட்டின் மேற்பரப்பை ஓரத்தில் நின்றபடியே உற்றுப் பாருங்கள். பொரி உருண்டையை உதிர்த்துப் பரப்பியது போல் சின்னச் சின்ன உருண்டைகளாக வெடித்திருக்கும். அது பென்டோனைட் களிமண். மழை பட்டால் பல மடங்கு உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். இப்படி ஓயாமல் அசைவதால்தான் அதில் செடி வேர் பிடிப்பதில்லை, ஒவ்வொரு மழைக்கும் மேடு கரைகிறது, புதுக் கட்டைகள் வெளியே தலைகாட்டுகின்றன. நனைந்த பென்டோனைட்டில் காலை வைத்தால் செருப்போடு அப்பிக்கொண்டு வழுக்கிவிடும். மழைக்குப் பிறகு பாதையை விட்டு ஓர் அடிகூட இறங்க வேண்டாம்.

நாலேகாலுக்கு ப்ளூ மேசாவிலிருந்து கிளம்பி நேராக வடக்கு வாசல் வழியாக வெளியேறி ஹோல்புரூக் திரும்பிவிடுங்கள். வழியில் எங்கும் நிறுத்த வேண்டாம், அதெல்லாம் காலைக்கு. 5 மணிக்கு வாசல் பூட்டும் ஊழியர்கள் பின்னாலேயே வண்டியில் வந்து எல்லாரையும் வெளியேற்றுவார்கள்.

மறுநாள் 8 மணிக்கே வடக்கு வாசலில் இருங்கள். டாவா முனை, கச்சினா முனை என்று பெயரிட்ட விளிம்புகளில் நின்றால் கண்ணெட்டும் தூரம் வரை செம்மண் குன்றுகள், வெள்ளைக் கோடுகள், அடிவானத்தில் கறுப்பாக எரிமலைக் குன்றுகள். இரண்டு முனைகளுக்கும் நடுவில் விளிம்போரமாகவே அரை மைல் நடைபாதை இருக்கிறது. பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. அம்மாவும் அப்பாவும் டாவாவில் இறங்கி நடக்கட்டும், மகள் காரைக் கச்சினாவுக்குக் கொண்டுபோய் நிறுத்தட்டும். திரும்பி நடக்கும் வேலை மிச்சம். கச்சினாவில் பழைய பெயின்டட் டெசர்ட் இன் கட்டடம் இருக்கிறது. முன்பு விடுதி, இப்போது காட்சிக்கூடம்.

அதற்குப் பிறகு தெற்கே வந்தால் பழைய 66ஆம் எண் நெடுஞ்சாலை கடந்த இடத்தில் 1932ஆம் ஆண்டு ஸ்டூடிபேக்கர் கார் ஒன்று துருவேறி நிற்கும். ஒரு படம் எடுத்துக்கொண்டு நகரலாம். ரயில் பாதையைத் தாண்டியதும் புவெர்கோ பியூப்லோ. ஏறக்குறைய 1250 முதல் 1380 வரை மக்கள் வாழ்ந்த, நூறு அறைகளுக்கு மேல் கொண்ட ஊரின் அடித்தளம் இது. 0.3 மைல் சமதளப் பாதை, சக்கர நாற்காலியும் போகும், கழிவறை உண்டு. அடுத்து நியூஸ்பேப்பர் ராக்: 650க்கு மேற்பட்ட பாறைக் கீறல்கள். பாறைக்குப் பக்கத்தில் போக அனுமதி இல்லை, மேலிருந்து தொலைநோக்கி வழியாகப் பார்க்க வேண்டும். பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் வெள்ளை நிறத்தில் தீட்டிய குதிரைவீரர் ஓவியங்களைப் பார்த்தவர்கள் இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிப்பார்கள். நம்முடையது பாறை மேல் பூசியது. இது பாறையின் மேல்தோலாகப் படிந்த கறுப்பைக் கொத்தி எடுத்து, உள்ளே இருக்கும் வெளிர் நிறத்தைக் காட்டியது. பதினோரு மணிக்குள் இதை முடித்து, வந்த வழியே வடக்கு வாசலுக்குத் திரும்பி, 40ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வின்ஸ்லோவைத் தாண்டி விண்கல் விழுந்த பள்ளம் இருக்கிறது. 1.2 கிலோமீட்டர் அகலம், சுமார் 50,000 ஆண்டு பழையது. தனியார் இடம், தனிக் கட்டணம். களைப்பு இல்லையென்றால் பார்க்கலாம்.

இனி உடம்பு. பூங்கா சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காட்டைவிடச் சற்று மேலே. ஏற்காட்டில் மூடுபனியும் ஈரமும் இருக்கும், இங்கே காற்று வறண்டு கிடக்கும். வியர்வை தோலில் நிற்காமல் உடனே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது, மதியத்துக்கு மேல் தலைவலியாக வெளிப்படும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் காரில் ஏற்றுங்கள். குடிநீர் பூங்காவின் இரு முனைகளில்தான், நடுவில் கிடையாது. உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில் இருந்தால் நல்லது. அம்மாவுக்குச் சர்க்கரை சேர்க்காமல். உதட்டுக்கு வாசலின், மூக்கு உள்ளே எரிந்தால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

இன்சுலினைக் காரில் வைத்துவிட்டு இறங்கக் கூடாது. அக்டோபரிலும் கண்ணாடி மூடிய கார் உள்ளே அடுப்பாகிவிடும். சிறிய குளிர்ப்பையில் போட்டு, பனிக்கட்டி நேராக மருந்தில் படாதபடி ஒரு துண்டுத் துணி சுற்றி, கையோடு எடுத்துப் போங்கள். உறைந்த இன்சுலினும் வீண்தான். வழக்கத்தைவிட அதிகம் நடப்பதால் சர்க்கரை திடீரென்று இறங்க வாய்ப்பு உண்டு. பேரீச்சம்பழமும் குளுக்கோஸ் பொட்டலமும் அம்மாவின் பையிலேயே இருக்கட்டும், மகளின் பையில் அல்ல. சாப்பாட்டுக்கு வடக்கு வாசல் மையத்தில் ஓர் உணவகம் இருக்கிறது, ஆனால் சைவத்துக்கு அதை நம்பிப் போக முடியாது. புளிச்சாதம் இரண்டு வேளை தாங்கும். தயிர்சாதத்தை ஐஸ் பெட்டியில் வையுங்கள். பெட்ரோலை ஹோல்புரூக்கிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அம்மா புடவைதான் கட்டுவேன் என்றால் கட்டட்டும், காலில் மட்டும் ரப்பர் அடி உள்ள ஷூ வேண்டும். காலையில் விளிம்பில் குளிர்காற்று அடிக்கும்; குல்லாவும் ஸ்வெட்டரும், பத்து மணிக்கு மேல் கழற்றிவிடும்படி. கட்டை ஓரங்களின் நிழலில் பாம்பு படுத்திருக்கலாம், சங்கிலிக் குலுக்கல் போல் சத்தம் வந்தால் அசையாமல் நின்று, எங்கே என்று பார்த்துப் பின்வாங்க வேண்டும். கட்டைக்கு அடியில் கைவிடவே கூடாது.

கல் எடுப்பது பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். பூங்காவுக்குள் கடுகளவு சில்லுகூட எடுக்கக் கூடாது. பிடிபட்டால் அபராதம் நூற்றுக்கணக்கான டாலர், விசாவில் போனவர்களுக்கு அது வீண் வம்பு. எடுத்துப்போனவர்கள் ‘அன்றிலிருந்து வீட்டில் ஒன்றும் சரியில்லை’ என்று மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புவது 1930களிலிருந்து நடக்கிறது. சிவன் சொத்து குலநாசம் என்று நாம் சொல்வதன் அமெரிக்க வடிவம். ஆனால் திரும்பி வந்த கல்லை மறுபடி காட்டில் போடுவதில்லை. எந்த அடுக்கில், எந்த இடத்தில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் ஆராய்ச்சிக்கு அது பொய் சாட்சி. அதனால் ஓரமாக ஒரு குவியலில் கொட்டி வைக்கிறார்கள். அந்தக் குவியலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. 22 கோடி ஆண்டு ஒரே இடத்தில் கிடந்தது, ஒரு நிமிட ஆசையில் அனாதையாகிவிட்டது.

வாங்கிக்கொள்ள நேர்வழி இருக்கிறது. பூங்காவுக்கு வெளியே தனியார் நிலங்களிலும் இதே கல் கிடைக்கிறது, ஹோல்புரூக்கில் கடைகள் உண்டு. இரண்டாம் நாள் பூங்காவை முடித்த பிறகு வாங்குங்கள், முன்பு வேண்டாம். காரில் கல் இருந்தால் நுழையும்போதே சொல்ல வேண்டும், வெளியேறும்போது பதில் சொல்ல வேண்டும். ரசீதைக் கல்லோடு சேர்த்தே கட்டி வையுங்கள். அப்பா கடையில் இருபுறமும் பாலிஷ் போட்ட வட்டத் துண்டைத்தான் எடுப்பார். உள்ளங்கை அளவு, அரை அங்குல தடிமன் என்றால் கால் கிலோவுக்குள் அடங்கும். விமானத்தில் கைப்பையில் வைத்தால் சோதனையில் தடுக்க வாய்ப்புண்டு, பெட்டிக்குள் துணி சுற்றிப் போட்டுவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, திருவக்கரை. அங்கே இருப்பதும் அதே முறையில் கல்லானதுதான், ஆனால் காலம் வேறு: சுமார் இரண்டு கோடி ஆண்டு. அரிசோனாக் கட்டைகள் அதைவிடப் பத்து மடங்கு பழையவை. கிருஷ்ணகிரி மலைப்பாறையோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டு; பட்டறை வாசலில் கிடக்கும் கிரானைட் பிளாக் அரிசோனாக் கட்டைகளைவிடவும் பத்து மடங்கு மூத்தது. திருவக்கரையில் பூக்கும் மரங்களும் கல்லாகிக் கிடக்கின்றன. அரிசோனாக் காடு வளர்ந்த காலத்தில் அப்படிப்பட்ட மரங்களே உருவாகவில்லை. நிறத்தில்தான் திருவக்கரை தோற்கும். அங்கே பழுப்பும் சாம்பலும்தான் அதிகம். ஆனால் மரத்தின் நார் எப்படிக் கல்லில் பதிந்திருக்கிறது என்பதைக் கண் பழக்கிக்கொள்ள அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை, அமெரிக்கா போவதற்கு முன் ஒரு முறை பார்த்துவிட்டுப் போனால் இரண்டும் சேர்ந்து புரியும். ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம், மயிலம் என்று காரில் சுமார் நான்கு மணி நேரம். பௌர்ணமியன்று மட்டும் வேண்டாம். அன்று வக்ரகாளியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் வண்டி ஊருக்குள் நுழையவே நேரம் பிடிக்கும்.